நிக்கோபார் மெகபோடு: குஞ்சைத் திரும்பிப் பார்க்காத பறவையா?

கேள்வி: "நிக்கோபார் தீவுகளில் மெகபோடு என்று ஒரு பறவை இருக்கிறதாம். முட்டையை மண்ணில் புதைத்துவிட்டுப் போய்விடுமாம். அடைகாக்காது, குஞ்சுக்கு இரை தராது, குஞ்சு எது என்றே அதற்குத் தெரியாது. பறவைகளிலேயே தாய்ப்பாசம் இல்லாதது இதுதானே?"

2023 மார்ச் 4, இரவு 9.10

இல்லை. நான் கிரேட் நிக்கோபாரில் கேம்பெல் பே பக்கம் வளர்ந்தவன். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளில் முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றியபோது தமிழ்நாட்டில் இருந்து போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இந்தப் பறவையைப் பள்ளிக்குப் போகிற வழியில் பார்த்திருக்கிறேன். வீட்டில் காட்டுக்கோழி என்போம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர்கள் ஜங்லி முர்கி என்பார்கள்.

முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும் என்பதில் 'போய்விடும்' தவறு. போகாது. அந்த மேட்டையே சுற்றிச் சுற்றி வரும். விரிவாக நாளை எழுதுகிறேன். கீழே நீங்கள் கேட்பதற்கும் இங்கேயே பதில் சேர்க்கிறேன்.

மார்ச் 5, காலை 6.40

முதலில் பறவை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். படம் தேடிப் பார்த்து ஏமாந்து போனதாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். தீவுப் பறவை என்றதும் பச்சையும் நீலமுமாக எதிர்பார்த்திருப்பீர்கள். இது பழுப்பு. மேலே மங்கிய பழுப்பு, கீழே கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்பு. நாட்டுக்கோழி அளவு இருக்கும், வால் மட்டும் குட்டை. கண்ணைச் சுற்றி முகத்தில் இறகில்லாமல் சிவந்த தோல் தெரியும். உச்சந்தலைக்குப் பின்னால் சின்னக் கொண்டை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

பார்க்க வேண்டியது அதன் கால்களை. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய கால், நீண்ட விரல், கெட்டியான நகம். மெகபோடு என்ற சொல்லுக்கே பெரிய பாதம் என்றுதான் பொருள். 1846இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் இதை அறிவியலுக்கு விவரித்து நிக்கோபாரின் பெயரைச் சேர்த்தார். இந்தப் பறவையின் வாழ்க்கை முழுக்க அந்தக் காலில்தான் இருக்கிறது. கிளறும், வாரும், பின்னால் தள்ளும். சருகுக்கடியில் இருக்கிற பூச்சி, நத்தை, விதை எல்லாம் அப்படித்தான் கிடைக்கும். வீடு கட்டுவதும் அதே காலால்தான்.

மார்ச் 5, இரவு 10.25

மேடு பற்றி.

கடற்கரையில் மணல் முடிந்து காடு தொடங்குகிற இடம், புன்னையும் தாழையும் நிற்கிற இடம், அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். தரையில் கிடக்கிற மணல், பவளத் துணுக்கு, மண், சருகு, குச்சி எல்லாவற்றையும் ஜோடியாகச் சேர்ந்து காலால் பின்னால் உதைத்து ஒரே இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வரும். மரத்தை ஒட்டாமல் தனியாகவும் மேடு இருக்கும். விழுந்த மரத்தை ஒட்டியும், நிற்கிற மரத்தின் அடியைச் சுற்றியும் இருக்கும். ஒரே மேட்டைப் பல ஆண்டுகள் பயன்படுத்தும். ஒவ்வொரு பருவமும் மேலே சேர்த்துக்கொண்டே போவதால் பழைய மேடுகள் பெரிதாக இருக்கும். எங்கள் வீட்டில் இருந்து கால் மணி நேர நடையில் ஒன்று இருந்தது. பத்து வயதில் நான் அதன் பக்கத்தில் நின்றால் உச்சி என் நெஞ்சு உயரம்.

முட்டையிடும் நேரம் வந்தால் இரண்டும் சேர்ந்து குழி தோண்டும். பெண் உள்ளே இறங்கி ஒரே ஒரு முட்டையிடும். மூடும். அடுத்த முட்டைக்குப் பல நாள் ஆகும், அதற்கு வேறு குழி. ஆகவே ஒரே மேட்டுக்குள் வெவ்வேறு வயதில் முட்டைகள் இருக்கும். ஒரு மேட்டை ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் பயன்படுத்துவதும் உண்டு.

அப்புறம் அந்த மணல் வெயிலில் சூடேறி முட்டையைப் பொரிக்கிறது.

மார்ச் 6, காலை 7.05

நேற்றைய கடைசி வரி தவறு. தூங்கப் போன பிறகுதான் உறைத்தது. சரியானதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெயில் அல்ல. நான் பார்த்த மேடுகள் எல்லாமே நிழலில் இருந்தவை. அங்கே தரையில் வெயில் படுவதே அரிது. சூடு வருவது சருகு மக்குவதில் இருந்து. ஈரமான சருகைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று செரிக்கின்றன. அந்த வேலையில் வெளிவருகிற வெப்பம்தான் முட்டையைக் காக்கிறது. கிராமத்தில் எருக்குழி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மார்கழிக் காலையில் கிளறினால் ஆவி பறக்கும். அதேதான். மேட்டுக்குள் ஏறக்குறைய 33 டிகிரி செல்சியஸ் இருக்கும்.

வெயிலையும் எரிமலையையும் நம்புகிற உறவினர்களும் இதற்கு உண்டு. சுலாவேசித் தீவில் மாலியோ என்கிற பறவை வெயிலில் சூடேறும் கடற்கரை மணலிலும், பூமிச் சூடு உள்ள காட்டு நிலத்திலும் முட்டை புதைக்கும். தோங்கா நாட்டின் நியூவாஃபோ தீவில் உள்ளது எரிமலைச் சூட்டை நம்புகிறது. அவற்றுக்குச் சூடு தானாகக் கிடைக்கிறது. நிக்கோபார்ப் பறவை தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

மார்ச் 6, பிற்பகல் 1.30

"எருக்குழியைக் கூட்டிவிட்டுப் போவது என்ன தாய்மை" என்று கேட்டவருக்கு.

எருக்குழி வைத்திருக்கிறீர்களா? ஒருமுறை கூட்டிவிட்டால் முடிந்துவிடுமா? சருகு மக்கி முடிந்தால் சூடு தணிந்துவிடும், புதுச் சருகு போட வேண்டும். அதிகமாகப் போட்டால் முட்டை வெந்துபோகும். அடைமழையில் ஊறினால் ஒரு மாதிரி, காய்ந்துபோனால் வேறு மாதிரி. முட்டை பொரிய 70 முதல் 80 நாள். வீட்டுக்கோழிக்கு 21 நாள். கோழி மூன்று வாரம் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. இது இரண்டரை மாதம் சமையல்காரர் அடுப்பைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு முட்டைக்கு. அடுத்தடுத்து முட்டைகள் உள்ளே இருப்பதால் வேலைக்கு முடிவே இல்லை.

'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா' என்று நாம் சொல்வோம். இந்தக் கோழிக்கு அந்தப் பேச்சே வராது. மிதிப்பது முழுவதும் குஞ்சு பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

மார்ச் 7, இரவு 11.00

குஞ்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

முட்டை பெரிது. கோழி முட்டையைப்போல் இரண்டு மடங்கு எடைக்குக் குறையாது. புதிதாக இட்டது இளஞ்சிவப்பாக இருக்கும், நாளாக ஆக நிறம் மங்கும். உள்ளே பாதிக்கும் மேல் மஞ்சள் கரு. கோழி முட்டையில் மூன்றில் ஒரு பங்குதான். அத்தனை சத்தையும் தாய் முன்கூட்டியே உள்ளே வைத்துக் கொடுத்துவிடுகிறது. வெளியே வந்த பிறகு ஊட்ட வேண்டியதை முட்டைக்குள்ளேயே ஊட்டி முடித்துவிடுகிறது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

மற்றக் குஞ்சுகள் அலகால் ஓட்டைக் குத்தி உடைக்கும். இது காலால் உதைத்து உடைக்கும். அப்புறம் மல்லாந்து படுத்து, மேலே உள்ள மண்ணைக் காலால் கீறி, கீழே விழுந்ததை முதுகால் அழுத்தி, அதன்மேல் ஏறி, மறுபடி கீறி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். பல மணி நேரம் ஆகும், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். வெளியே தலை நீட்டும்போது முழு இறகோடு இருக்கும். அன்றே ஓடும், பறக்கவும் பறக்கும். யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை, அதுவும் யாரையும் தேடுவதில்லை. நேராகக் காட்டுக்குள் போய்விடும்.

நான் இதை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், அதுவும் கடைசி நொடி மட்டும். மேட்டின் பக்கவாட்டில் மண் அசைந்தது. நண்டு என்று நினைத்தேன். ஒரு தலை வந்தது, கண் திறந்திருந்தது, கண்ணைச் சுற்றி மண். என்னைப் பார்த்தது என்று சொல்ல ஆசை, ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை. உடம்பை உலுக்கிக்கொண்டு வெளியே வந்து, தாழைப் புதருக்குள் ஓடி மறைந்தது. என் கைக்குள் அடங்கிவிடுகிற அளவு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம், "ஒரு குஞ்சு தனியாகப் பிறந்திருக்கிறது" என்று சொன்னேன். அம்மாவுக்குப் புரியவில்லை. யாருமே இல்லாமலா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மார்ச் 8, காலை 8.15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், அப்படியானால் நீங்கள் முட்டையை எடுத்ததே இல்லையா என்று கேட்டிருக்கிறார். எடுத்திருக்கிறேன். பத்து வயதில், அந்த நெஞ்சு உயர மேட்டில்.

நாங்கள் மூன்று பையன்கள். கையை உள்ளே விட்டேன், தோள்வரை போனது. சூடாக இருந்தது, உயிருள்ள ஒன்றின் வயிற்றுக்குள் கை விட்டதுபோல. அந்தச் சூடு இன்றும் கையில் நினைவிருக்கிறது. இரண்டு முட்டை கிடைத்தது. ஒன்றை வீட்டில் அவித்தார்கள். உடைத்தபோது உள்ளே குஞ்சு உருவாகியிருந்தது. அம்மா சட்டியை அப்படியே வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். எங்களுக்கு அது காட்டுவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பறவை என்பதெல்லாம் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அன்று அடி விழவில்லை, ஆனால் மறுநாள் என்னை அந்த மேட்டுக்குக் கூட்டிப்போய், தோண்டின பள்ளத்தை என் கையாலேயே மூட வைத்தார். நாங்கள் போவதற்கு முன்பே பறவைகள் பாதி மூடியிருந்தன.

மார்ச் 8, மாலை 6.50

அந்தப் பாதி மூடியிருந்த பள்ளம்தான் முதல் கேள்விக்கு என் பதில். இதை முதல் நாளே எழுதியிருக்கலாம். சொல்லத் தயக்கமாக இருந்தது.

மார்ச் 10, இரவு 9.40

ஒரு திருத்தம். நிக்கோபார் தீவுகள் எல்லாவற்றிலும் இருக்கும் என்று ஒருவருக்குத் தனியாகப் பதில் சொல்லியிருந்தேன். கார் நிக்கோபாரில் கிடையாது. அங்கே வேலை பார்த்த ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிதான்.

இந்தப் பறவையில் இரண்டு கிளை இனங்கள். சோம்பிரேரோ கால்வாய் என்கிற நீரிணைக்கு வடக்கே கச்சால், கமோட்டா, டெரசா போன்ற தீவுகளில் ஒன்று. தெற்கே கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார், அவற்றைச் சுற்றிய சின்னத் தீவுகளில் இன்னொன்று. தெற்கத்தியது கொஞ்சம் கருத்த பழுப்பு. நான் பார்த்ததெல்லாம் தெற்கத்தியதுதான், ஆகவே நிறம் பற்றி நான் எழுதியதைக் கச்சால்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கச்சாலில் ரப்பர்த் தோட்டத்துக்காக இலங்கையில் இருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களில் யாராவது இதைப் படித்தால் அங்கே என்ன பெயர் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மார்ச் 11, காலை 10.20

"தமிழ்ப்பெயர் இல்லாத பறவையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே" என்றவருக்கு: பறவைக்கு இல்லாவிட்டாலும் இடத்துக்கு ஆயிரம் ஆண்டுப் பழைய தமிழ்ப்பெயர் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025 வாக்கில் கடல் கடந்து போன படையெடுப்பைச் சொல்லும்போது மாநக்கவாரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அது நிக்கோபார். அந்தக் கப்பல்களில் போனவர்கள் கரையில் இறங்கி இந்த மேடுகளைப் பார்த்திருப்பார்களா என்று சின்ன வயதில் நிறைய யோசித்திருக்கிறேன். சமாதி மேடு என்று நினைத்து விலகிப் போயிருக்கலாம். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

எழுத்தில் இந்தக் குடும்பத்துப் பறவை முதலில் வருவது 1521இல், மெகல்லனோடு போன பிகாஃபெட்டாவின் குறிப்பில். பிலிப்பைன்ஸில் கோழி அளவுப் பறவை ஒன்று மணலில் பெரிய முட்டையைப் புதைத்து வைக்கிறது என்று எழுதினார்.

மார்ச் 11, இரவு 10.55

பிலிப்பைன்ஸ் என்றதும் ஒரு புதிர். மெகபோடு குடும்பம் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூ கினி, கிழக்கு இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பசிபிக் தீவுகள் பக்கம். நிக்கோபாருக்கு மிக அருகில் இருப்பது சுமத்ரா. அங்கே கிடையாது, ஜாவாவிலும் கிடையாது. நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி விட்டு இந்த ஒரு பறவை மட்டும் மேற்கே தனியாக எப்படி வந்தது?

இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் இருந்து, பூனைக் குடும்ப விலங்குகளும் புனுகு வகைகளும் நிறைந்த பெரிய தீவுகளில் அழிந்து, அவை இல்லாத நிக்கோபாரில் மட்டும் மிஞ்சியது என்பது ஒன்று. முட்டைக்காக மனிதர்கள் படகில் கொண்டுவந்தார்கள் என்பது இன்னொன்று. என் மனம் முதல் விளக்கத்தின் பக்கம் சாய்கிறது. தரையில், அசையாத மேட்டில், இரண்டரை மாதம் முட்டை வைக்கிற பறவைக்குத் தரை விலங்குகள் குறைந்த தீவு வேண்டும். அங்கேயும் உடும்பு தோண்டும், மலைப்பாம்பு உண்டு. மனிதர்களோடு நாயும் பூனையும் வந்த பிறகு கஷ்டம் கூடிவிட்டது.

மார்ச் 12, காலை 7.30

குரல் கேட்டவருக்கு: ஜோடியாகக் கத்தும். ஒன்று நீளமாக இழுத்துத் தொடங்கும், மற்றது கொக்கரிப்புபோல் சேர்ந்துகொள்ளும். இரவில் மரத்தில் அடையும், ஆகவே இருட்டின பிறகும் மேலே இருந்து சத்தம் வரும். ஆள் வந்தால் பறப்பதைவிட ஓடுவதே அதிகம்.

மார்ச் 14, இரவு 11.20

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

மேடுகள் கடற்கரையை ஒட்டி இருப்பவை என்று முன்பே சொன்னேன். அலை எதை எடுத்தது என்று சொல்லத் தேவையில்லை. அலை மட்டுமல்ல, நிலமே இறங்கியது. தீவின் தென்முனையான இந்திரா பாயிண்ட்டில் கலங்கரை விளக்கம் நின்ற தரை நாலு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அலை திரும்பிப் போன பிறகும் கடல் திரும்பிப் போகவில்லை. கரையோரக் காடு நின்றபடியே உப்புநீரில் செத்தது. மேற்குக் கரைக்கு அப்பால் மெகபோடு தீவு என்றே பெயர் வைத்து, 1977இல் இந்தப் பறவைக்காகவே சரணாலயமாக்கிய சின்னத் தீவும் தப்பவில்லை. பிறகு எண்ணியவர்கள், முன்பு இருந்த மேடுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் போய்விட்டது, கரையோரத்தில் இனப்பெருக்கம் செய்கிற ஜோடிகள் சுமார் 800தான் இருக்கும் என்றார்கள்.

எங்கள் வீடு போனது. நாங்கள் உயரமான இடத்துக்கு ஓடிப் பிழைத்தோம். நான் அந்த வாரங்களில் பறவையை நினைக்கவே இல்லை. மூன்று மாதம் கழித்துத் தகரக் கொட்டகையில் இருந்தபோது ஒரு விடியலில் அந்த ஜோடிக் குரல் கேட்டது. அம்மாதான் முதலில் எழுந்து உட்கார்ந்தார். உன் கோழி, என்றார்.

மார்ச் 15, காலை 6.15

நெஞ்சு உயர மேடு இருந்த இடம் இப்போது கடலுக்குள். நேற்று எழுத விட்டுப்போனது.

மார்ச் 17, இரவு 9.00

"அப்படியானால் மெதுவாகத் திரும்பிவிடும்தானே" என்ற கேள்விக்கு. புதிய கரை உருவாகிறது, தாழை முளைக்கிறது, சருகு சேருகிறது, பறவை வந்து கிளறுகிறது. இது நடக்கிறது. ஆனால் கரை வேண்டும். கிரேட் நிக்கோபாரின் தென்கிழக்கில் உள்ள கலத்தியா விரிகுடா இந்தப் பறவைக்கும் தோல் முதுகு கடலாமைக்கும் முக்கியமான இடம். அங்கே இருந்த சரணாலய அறிவிப்பு 2021 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது, துறைமுகம் கட்டுவதற்காக. 2022 நவம்பரில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. ஈடாக மெஞ்சால் என்ற சின்னத் தீவை மெகபோடு சரணாலயமாக்குகிறார்கள்.

மெஞ்சாலைக் காப்பது நல்லதுதான், அங்கேயும் இது வாழ்கிறது. ஆனால் ஒரு மேட்டைக் கூடையில் அள்ளி இன்னொரு தீவில் வைக்க முடியாது. ஈரம், நிழல், அந்த மரத்துச் சருகு, மக்கும் வேகம், எல்லாம் சேர்ந்துதான் அந்த 33 டிகிரி. துறைமுகத்தால் என் தம்பி பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டிலேயே இதைப் பற்றி எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கலத்தியாவை விட்டு வேறு எங்காவது என்று நான் சொல்வேன். வேறு எங்கே என்று தம்பி கேட்பான்.

மார்ச் 18, மதியம் 12.10

நேற்றைய குறிப்பு கோபமாக இருந்ததாகச் சொன்னவர்களுக்கு: கோபம்தான். மாற்றி எழுத விருப்பமில்லை.

இடையில் ஒரு நல்ல செய்தி. போர்ட் பிளேரில் மெகபோடு நெஸ்ட் என்று அரசு விருந்தினர் இல்லம் இருக்கிறதே, நாங்கள் தங்கியிருக்கிறோம் என்று ஒரு குடும்பம் எழுதியது. அவர்களின் மகள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, மரத்தில் கூடு எங்கே என்று தேடினாளாம். இப்போது கூடு தரையில் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்களாம். பாப்பா, தரையில், சருகுக்குள், கைவிட்டால் சூடாக இருக்கும். ஆனால் கை விடாதே.

ஏப்ரல் 2, இரவு 8.35

தம்பியிடம் போனவாரம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு மேட்டைத் தேடிப் பிடித்திருக்கிறான். விழுந்த மரத்தை ஒட்டியது. தள்ளி நின்றே பார்க்கச் சொல்லியிருந்தேன், அப்படியே செய்தான். சுற்றளவு அவன் அடியால் இருபத்தாறு. உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, ஆகவே பழைய மேடு இல்லை. முந்தின நாள் மழை பெய்திருக்கிறது. மேட்டின் மேற்குப் பக்கம் ஈரச் சருகு புதிதாக வாரிப் போட்டிருந்ததாம், அதன்மேல் நகக் கீறல் தெளிவாக இருந்ததாம். பறவையைப் பார்க்கவில்லை. திரும்பி வண்டியை எடுக்கும்போது பின்னால் சருகு பறக்கிற சத்தம் கேட்டது என்றான்.

ஏப்ரல் 2, இரவு 8.50

கிழக்குப் பக்கமாம், மேற்கு இல்லை. இப்போதுதான் போனில் திருத்தினான்.